கெட்டிக் கரைசல்

மலர்விழியின் ஆய்வேடு முழுவதும் ஒரே ஒரு மடிப்பை நம்பி இருந்தது. நெய்வேலிக்குப் பக்கத்துத் தனியார் கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டே, பகுதிநேர ஆராய்ச்சியில் வருடங்களை ஓட்டியிருந்தாள். நான்கு அமினோ அமிலங்களை மாலைபோல் கோத்து அவள் செய்த சின்னப் பெப்டைடு நீளமாகக் கிடக்காது, நடுவில் திரும்பி மடங்கும். முதலாவதன் ஆக்சிஜனும் நாலாவதன் ஹைட்ரஜனும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு அந்தத் திருப்பத்தைத் தாங்கும் என்பது அவள் கட்சி. அந்தப் பிடிக்குத்தான் ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். பெரிய புரதங்கள் உருவெடுப்பதிலும் இப்படிப்பட்ட திருப்பங்களுக்குப் பங்குண்டு.

ஏடு இந்த மாதக் கடைசிக்குள் போகவேண்டும். முனைவர் பட்டம் இல்லாதவர்களை வரும் ஜூனிலிருந்து வைத்துக்கொள்ள முடியாது என்று கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார்.

கணவன் சிலம்பரசன் சுரங்கத்தில் முதல் ஷிப்ட் முடித்துக் குவார்ட்டர்ஸ் வாசலில் ஷூவைக் கழற்றும்போதே கேட்பான்.

"என்னா டாக்டரம்மா, உன் மாலை வளைஞ்சிக்கினு நிக்குதா, நீட்டிப் படுத்துட்டுதா?"

"வாய மூடிக்கினு கால கழுவுங்க. வூடு பூரா கரி."

ஹைட்ரஜன் ஒவ்வொன்றையும் ஸ்பெக்ட்ரம் என்ற வரைபடத்தில் ஒரு குறியாகக் காட்டும் என்.எம்.ஆர். கருவி சென்னையில் இருந்தது; அதில் வெளியாட்களுக்குக் கிடைக்கும் நேரம் சொற்பம். நீர்த்த கரைசல் என்றால் குறி தெளிய வெகுநேரம் ஓட்டவேண்டும். அதனால் மலர்விழி எப்போதும் குளோரோஃபார்மில் பெப்டைடைத் தாராளமாகப் போட்டு, கெட்டியாகவே கரைத்து எடுத்துப்போவாள். முறைக்குக் காத்திருந்து ஓட்டிவிட்டுப் பஸ் பிடிக்கிறவர்கள் பலரும் அப்படித்தான். குறி சட்டென்று வந்துவிடும். அவள் தேடிய ஹைட்ரஜனும், பிணைந்திருந்தால் எங்கே தெரியவேண்டுமோ அங்கேயே தெரிந்தது.

கடைசிச் சரிபார்ப்புக்குப் போனபோது பெப்டைடு துளிதான் மிச்சம். கரைசல் நீர்த்துப்போனது. அவளுக்கு அடுத்த முறைக்காரர் வராததால் நிதானமாக ஓட்டமுடிந்தது. குறி இடம் நகர்ந்திருந்தது. இன்னும் நீர்க்கச் செய்து பார்த்தாள், இன்னும் நகர்ந்தது. தன் மூலக்கூறுக்குள்ளேயே பிணைந்த ஹைட்ரஜன் நீர்த்தால் அசையாது. இது கெட்டிக் கரைசலின் நெருக்கடியில் பக்கத்து மூலக்கூறைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. இடம் கிடைத்ததும் விட்டுவிட்டது. அவள் சொன்ன மடிப்பு அங்கே இல்லை.

நெறியாளர் நல்லசாமி போனில் சத்தம் போடவில்லை. ஓய்வுபெறப்போகும் அவருக்கு இவள்தான் கடைசி மாணவி.

"அந்தக் கடைசி ஸ்பெக்ட்ரத்த சேக்காதம்மா. யாரு கேக்கப்போறா?"

"கேக்கமாட்டாங்க சார். ஆனா நான் பாத்துட்டேனே."

"பாத்துட்டு? வேலை போயிடும், தெரியுமில்ல?"

போனை வைத்து, கணவனிடம் விஷயத்தைச் சொல்லிக்கொண்டே அவரைக்காய் நறுக்க உட்கார்ந்தாள். நரம்பெடுக்காமலே நறுக்கிக்கொண்டிருந்தவளைச் சிலம்பரசன் கொஞ்சநேரம் பார்த்தான்.

"சாரே வுட்டுடுன்னு சொல்றாரு. உனுக்கு என்னா வந்துது?"

"பொய்ன்னு தெரிஞ்சிக்கினு எப்படிங்க கையெழுத்து போடறது?"

"எழுதும்போது தெரியாதில்ல?"

"இப்ப தெரியுதே."

அவன் முறத்தைத் தன் பக்கம் இழுத்து நரம்பை உரிக்கத் தொடங்கினான்.

"நம்ம பொண்ணு நந்தினி ஹாஸ்டல் பீஸ் என் ஒரு சம்பளத்துல தாங்குமாடி?"

"அதான் பயமா இருக்கு."

"எனக்குந்தான்." ஒரு காயை உரித்து முடித்தான். "பயந்துக்கினே செய், போ."

அன்று மாலையே, அந்த அத்தியாயத்தைத் திருப்பி எழுத ஆறு மாத அவகாசம் கேட்டு நல்லசாமிக்கு மின்னஞ்சல் போட்டாள். புதிய குறிகள் எல்லாவற்றையும் இணைத்தே அனுப்பினாள்.

மறுநாள் முதல்வர் அறையில் நின்றபடியே சொன்னாள்.

"இந்த வருஷம் முடியாதுங்க சார்."

"கடைசி நேரத்துல என்ன மேடம் இது? யோசிச்சீங்களா?"

"யோசிச்சிட்டேங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஏப்ரல் வரைக்கும் கிளாஸ் எடுங்க. அதுக்கு மேல என் கையில இல்ல."

"சரிங்க சார்" என்றாள். வராந்தாவுக்கு வந்து, மூன்றாம் ஆண்டு வகுப்புக்கு நடந்தாள்.