ஈப்போவில் அப்பாவுக்கு முகம் தெரிந்த இரண்டு மணி நேரம்

அருவிகளையும் குகைக் கோயில்களையும் பற்றி எழுதும் இந்தப் பக்கத்தில் ஒரு மருத்துவப் பயணத்தை எழுதுவதற்கு மன்னிக்கவும். அப்பாவிடம் அனுமதியும் கேட்கவில்லை. அதற்கும் சேர்த்து.

அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு குலை அறுத்தவர். இரண்டு வருடங்களாக அவர் எதைப் பார்த்தாலும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு மறைப்பு. ஓரம் தெரியும், முகம் தெரியாது. இனி கண்ணில் ஊசி போட்டும் பயனில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மிச்சமுள்ள பார்வையைப் பயன்படுத்தச் சொல்லித்தரும் பயிற்சி ஈப்போவில் இருப்பதாக அறிந்து, போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினோம்.

காலை 7.30 பேருந்து, கட்டணம் ஆளுக்குப் பன்னிரண்டு வெள்ளி. ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர். 9.20க்கு இறங்கி, கிராப் வாடகைக் காருக்குப் பதினான்கு வெள்ளி கொடுத்துப் போய்ச் சேர்ந்தோம்.

நடுப்பார்வை போனாலும் கண்ணில் வேறொரு நல்ல இடம் மிஞ்சியிருக்குமாம். அதைக் கண்டுபிடித்துப் பழக்குவதுதான் பயிற்சி. பயிற்சி தருபவர் காட்டிய அட்டையில் இருந்தவை மலாய் எழுத்துகள். அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான். நான் தடித்த பேனாவால் 'அ', 'ட', 'ம' என்று எழுதிக் கொடுத்தேன். பதினொரு மணிக்கு அந்த இடம் அகப்பட்டது. ஒருவர் முகத்தைப் பார்க்க அப்பா அவருடைய கழுத்துக்குக் கீழே பார்க்க வேண்டும். அப்போது மறைப்பும் கீழே இறங்கிவிடும்.

முதலில் என்னைத்தான் பார்த்தார்.

"நீ எப்பம்மா கண்ணாடி போட்ட?"

"ரெண்டு வருசமாச்சுப்பா."

"சொல்லவே இல்ல. வாத்தியாரம்மா மாரி இருக்க."

மதியம் ஈப்போவிலேயே புந்தோங் பகுதியில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. அப்பா சோற்றைத் தொடவே இல்லை. "கல்லாவுல இருக்கறவருக்கு நல்ல வழுக்கைலா," என்று என் காதில் சொல்லிச் சிரித்தார். எதிர் மேசையில் ஒரு கணவனும் மனைவியும். "அந்தப் பொண்ணு நெத்தியில பொட்டு தெரியுதும்மா!" சொல்லிக்கொடுத்தபடியே பார்வையைக் கீழே வைத்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கணவர் எழுந்து வந்தார்.

"என்னா அங்கிள், எங்க பாக்குறீங்க? பேரப்புள்ள எடுக்குற வயசுல இதெல்லாம் வேணாம்லா."

"மூஞ்சியத்தான் தம்பி பாத்தேன்."

"மூஞ்சி அங்கயா இருக்கு?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். 'அப்பாவுக்குக் கண் தெரியாது' என்று நான் சொல்லியிருந்தால் போதும். பட்டம் வாங்கியவள்தான், அந்த ஒரு வரி வாயில் வரவில்லை. இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நிமிர்ந்தபோது அவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

மூன்று மணிப் பேருந்தில் திரும்பினோம். வழி முழுக்க அப்பா கண்ணை மூடியே வந்தார். இரண்டாவது பயிற்சிக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். "கண்ணு போனா போவட்டும். இருக்கற மானத்தோட இருந்துக்கறேன்." இப்போது என்னிடம்கூட நேராகப் பார்த்தே பேசுகிறார். நேராகப் பார்த்தால் நான் அவருக்குத் தெரியமாட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: காலை நேரமே கேளுங்கள், மதியத்தில் கண் களைத்துவிடும். தடித்த கறுப்புப் பேனா கொண்டுபோங்கள். பழகும்வரை வீட்டு ஆட்களின் முகத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கடைக்கு அழைத்துப்போனால், உட்காரும் முன்பே பக்கத்தில் இருப்பவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். என்னைப்போல் வாய் வராதவர்கள் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அன்று புந்தோங்கில் எதிர் மேசையில் பச்சைச் சுடிதார் அணிந்திருந்த அக்கா, இதை நீங்களோ உங்களைத் தெரிந்தவர்களோ படிக்க நேர்ந்தால்: அண்ணன் கோபப்பட்டதில் தவறில்லை. பேசாமல் இருந்தது நான்தான். எங்கள் அப்பாவுக்கு ஒரு குரல் பதிவு அனுப்புவீர்களா, அக்கா? "பரவால்ல அங்கிள், பாருங்க" என்று மட்டும் சொன்னால் போதும்.