பிரிக்காத ஏழு கடிதங்கள்

பாத்ரூமுக்குள்ளிருந்து என் கணவரின் குரல் கேட்டது.

"ஐ லவ் யூ... நீ இல்லாம நான் இல்ல... வா, என்கிட்ட வந்துரு..."

கையில் துவைக்கிற துணியோடு கதவுக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டேன். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷம். இந்த மனிதர் என்னிடம் இப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதிகபட்சம், "குழம்பு நல்லாருக்கு." அதுவும் விருந்தாளிகள் முன்னால்.

யாரோடு பேசுகிறார்? திரும்பிப் பார்த்தேன். அவருடைய போன் ஹாலில் சார்ஜில் கிடந்தது. அப்படியென்றால்... இன்னொரு போன் வைத்திருக்கிறார்!

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவள் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். தங்கச்சிமடத்திலிருந்து பாம்பன் பாலம் தாண்டி தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வாய் இது. அதே வாயை மூடிக்கொண்டு, ஆதாரம் தேட ஆரம்பித்தேன்.

சந்தேகம் ஒரு வேலை மாதிரி. சேர்ந்துவிட்டால் லீவே கிடையாது.

அதுவரை கண்ணில் படாததெல்லாம் பட்டது. காலையில் மொட்டை மாடிக்குப் போய்க் கண்ணை மூடி நிற்கிறார். தனியாகச் சிரிக்கிறார். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் எனக்கு முன்னால் வாசலுக்கு ஓடுகிறார். எதற்கு? காதல் கடிதமா வருகிறது இந்தக் காலத்தில்?

அந்த வெள்ளிக்கிழமை அவர் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் ஒரு டோக்கன் கிடைத்தது. பாதி கிழிந்திருந்தது. ராமநாதபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் பெயர். ஞாயிறு, காலை பத்து மணி. மேலே பெரிய எழுத்தில் 'செல்வ' என்று இருந்தது. மீதி கிழிந்துபோயிருந்தது.

செல்வ... செல்வி? செல்வராணி?

ஞாயிறு காலை மாதா கோவிலில் பூசை முடிந்ததும் அவர் சொன்னார்: "ராம்நாடு வரைக்கும் போயிட்டு வாரேன். ஒரு பேங்க் வேலை."

"ஞாயித்துக்கிழமை எந்த பேங்க்குங்க திறந்திருக்கு?"

"பேங்க் ஆளப் பார்க்கணும். வீட்டுல வச்சு."

பதில் தயாராக இருந்தது. தயாரான பதில்களைத்தான் நான் நம்புவதில்லை. அவர் ஏறிய பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுப் பண நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் மற்றது புரியாது.

என் கணவர் சகாயராஜ் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். கடல் ஒத்துக்கொள்ளவில்லை. ராமேஸ்வரத்தில் பன்னிரண்டு ரூம் உள்ள ஒரு லாட்ஜை லீசுக்கு எடுத்து நடத்தினார். காசியிலிருந்து வருகிறவர்களோடு பேசிப் பேசி இந்திகூடக் கற்றுக்கொண்டார். தீர்த்தமாட வருகிறவர்களுக்கு விடியற்காலையில் வெந்நீர் போட்டுக் கொடுக்கிற கத்தோலிக்கர் என்று அவருக்கு அங்கே ஒரு பெயர். பிறகு பழைய ரயில் பாலம் மூடிக்கிடந்தது. ரயில் மண்டபம் ஸ்டேஷனோடு நின்றது. எங்கள் ரூம்களுக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். புதுப் பாலத்தில் ரயில் வந்தபோது லாட்ஜ் எங்கள் கையில் இல்லை. அட்வான்ஸ் பணம் வாடகைப் பாக்கியில் கழிந்துபோயிருந்தது. பின்னறையில் மிச்சம் இருந்தவை மூன்று ஏ.சி. பெட்டிகளும் லாட்ஜின் பெயர்ப்பலகையும்தான்.

என் நகைகள் பேங்கில் அடகில் இருந்தன. மகள் மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வீடு என் சம்பளத்தில் ஓடியது. "நகைக் கடனை நான் பாத்துக்கிறேன்" என்று அவர் சொன்னார். சரி என்றேன். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

சரி, கல்யாண மண்டபத்துக்கு வருவோம்.

ஆட்டோவை விட்டு இறங்கி, முக்காடு போட்டுக்கொண்டு உள்ளே போனேன். செல்வியைத் தேடினேன். ஆனால் மேடைக்குப் பின்னால் பேனரில் இருந்தது — 'செல்வ ஈர்ப்பு குவாண்டம் பயிற்சி'. பக்கத்தில் ஒரு அணுவின் படம். அதைச் சுற்றி எலக்ட்ரான்களுக்குப் பதில் தங்கக் காசுகள்!

மண்டபம் நிறைய ஆட்கள். முக்கால்வாசிப் பேர் எங்களைப் போன்றவர்கள்தான். முகத்தைப் பார்த்தாலே தெரியும்... தூக்கம் இல்லாத முகங்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு விளையாட்டு செக். 'பிரபஞ்ச வங்கி' என்று அச்சடித்திருந்தது. வேண்டிய தொகையை எழுதி வீட்டில் ஒட்டி வைக்க வேண்டுமாம்.

மேடையில் கோட் போட்ட ஒருவர். வெளியே அடித்த வெயிலுக்கு அந்தக் கோட்டே ஒரு அதிசயம்தான்.

"எல்லாரும் கண்ணை மூடுங்க. பணத்தைக் கூப்பிடுங்க. காதலியக் கூப்பிடுற மாதிரி!"

மண்டபமே ஒரே குரலில் சொன்னது: "ஐ லவ் யூ... நீ இல்லாம நான் இல்ல... வா, என்கிட்ட வந்துரு..."

ஆக, என் சக்களத்தி காந்தி படம் போட்டவள்!

எனக்கு வந்த சிரிப்பை அடக்க முக்காட்டை வாயில் திணிக்க வேண்டியிருந்தது. அத்தனை நாள் நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாரம் இறங்கியது. அங்கேயே எழுந்து வீட்டுக்கு வந்திருந்தால் இந்த வாரம் உங்களுக்கு நகைச்சுவைப் பத்தி கிடைத்திருக்கும்.

கோட்டுக்காரர் அடுத்து இயற்பியலுக்குள் இறங்கினார்.

"எலக்ட்ரானை நீங்க பார்க்காத வரைக்கும் அது அலை. பார்த்துட்டா துகள். இது விஞ்ஞானம், நான் சொல்லலை! கடனும் அப்படித்தான். பார்த்தா இருக்கும். பார்க்காட்டி கரைஞ்சிரும்."

கைதட்டல்.

என் ரத்தம் கொதித்தது. இயற்பியலில் 'பார்ப்பது' என்றால் கண்ணால் பார்ப்பது இல்லை. எலக்ட்ரானை அளக்க வேண்டும் என்றால் அதன் மேல் எதையாவது மோதவிட்டாக வேண்டும். அந்த மோதலில் அது மாறிவிடுகிறது. அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டால் வட்டி ஏறாது என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. எழுந்து கேட்டுவிடலாம் என்று முந்தானையைச் சரிசெய்தபோது, "யாராவது அனுபவத்தைப் பகிர்ந்துக்கலாம்" என்றார்.

முதல் ஆளாக எழுந்து மைக்கைப் பிடித்தவர் என் கணவர்.

"வணக்கம். பேரு சகாயராஜ். தங்கச்சிமடத்துல இருந்து வாரேன். லாட்ஜ் நடத்தி நட்டமாப் போச்சு. மொதல்லல்லாம் பேங்க்ல இருந்து லெட்டர் வந்தாலே நெஞ்சு படபடன்னு அடிக்கும். இங்கன வர ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆச்சு. இப்ப ஒரு லெட்டரையும் பிரிக்கிறதே இல்ல. பார்க்காத வரைக்கும் அது அலைதானே சார்? நிம்மதியாத் தூங்குறேன்."

பலமான கைதட்டல். கோட்டுக்காரர் இரண்டு கைகளையும் உயர்த்தி அவரை ஆசீர்வதித்தார்.

தபால்காரரிடம் அவர் ஓடிய ஓட்டமெல்லாம் கண்முன் வந்தது. இயற்பியல் மறந்துபோனது. எழுந்து நின்றேன்.

"எத்தனை லெட்டர்?"

மண்டபம் திரும்பிப் பார்த்தது. அவர் முகம் வெளுத்தது.

"அம்மா, உட்காருங்க. உங்க நெகட்டிவ் வைப்ரேஷன் எல்லாரையும் பாதிக்கும்" என்றார் கோட்டுக்காரர்.

"சார், நீங்க செத்த சும்மா இருங்க. என்னங்க... எத்தனை லெட்டர்?"

மைக் இன்னும் அவர் வாய்க்கு நேராக இருந்தது. மெதுவாகச் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது.

"ஏழு."

"யாருங்க இவங்க?" என்றார் கோட்டுக்காரர்.

"என் பொண்டாட்டி. பிசிக்ஸ் டீச்சர்."

சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர் மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டு என் பின்னால் வெளியே வந்தார்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றோம். இரண்டு டீ சொன்னேன். ஆறுகிற வரைக்கும் இரண்டு பேரும் குடிக்கவில்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ என்ன செய்வ தெரியுமா?" என்றார். "திட்ட மாட்ட. மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நோட்டுத் திருத்தப் போயிருவ. லாட்ஜக் குடுத்துட்டு வந்த அன்னைக்கும் அதான் செஞ்ச. எனக்கு ஒரு வாரம் சோறு எறங்கல. இங்கன ஒருத்தன் என்னையப் பார்த்து, ஒண்ணும் பயப்படாதங்கிறான். காசு வாங்கிட்டுத்தான் சொல்றான். ஆனா சொல்றான்ல?"

டீக்குக் காசு கொடுத்துவிட்டு பஸ் ஏறினோம்.

வீட்டுக்கு வந்ததும் பின்னறைக்குப் போனார். லாட்ஜ் பெயர்ப்பலகைக்குப் பின்னாலிருந்து கடிதங்களை எடுத்து வந்தார். ஏழு. தேதி வாரியாக அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். பிரிக்காத கடிதங்களை இவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிற மனிதர் நிஜமாகவே அவற்றை மறந்திருப்பாரா? சந்தேகம்தான்.

"நீ பிரி" என்றார்.

"ரெண்டு பேரும் பிரிப்போம்."

ஐந்து கடிதங்கள் வெறும் நினைவூட்டல். ஆறாவது, என் நான்கு வளையல்களும் வருகிற வியாழக்கிழமை ஏலம் போகும் என்றது. ஏழாவதைப் பிரித்தது அவர். படித்துவிட்டு என்னிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். நான் வாங்கிப் பார்த்தேன்.

அம்மா எனக்குப் போட்டுவிட்ட இரட்டை வடச் செயின். அது மூன்று வாரத்துக்கு முன்பே ஏலத்தில் போய்விட்டது.

கத்தினேன். அக்கம்பக்கம் கேட்கிற மாதிரி. என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. அவர் சுவரோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நான் ஓய்ந்த பிறகு, "இப்படித் திட்டு. பேசாம மட்டும் இருக்காத" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. கல்யாணமாகி அன்றுதான் அவர் அழுது பார்த்தேன்.

மறுநாள் நான் பள்ளிக்கு லீவு போட்டேன். இருவருமாக பேங்குக்குப் போனோம். அந்த அதிகாரி சின்ன வயசுப் பெண். எங்களைத் திட்டவும் இல்லை, உபதேசம் செய்யவும் இல்லை. "புதன்கிழமைக்குள்ள வட்டியக் கட்டிட்டீங்கன்னா வளையலை ஏலத்துல இருந்து எடுத்துரலாம் மேடம். செயினுக்கு ஒண்ணும் செய்ய முடியாது. நாலு தடவை தகவல் அனுப்பியிருக்கோம்" என்றார்.

வெளியே வந்ததும் அவர் போனை எடுத்தார். ராமேஸ்வரத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் ஒரு தெரிந்தவரைக் கூப்பிட்டு மூன்று ஏ.சி.களையும் விலை பேசினார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்றைக்காவது மறுபடி லாட்ஜ் எடுப்போம் என்றுதான் அந்தப் பெட்டிகளை வாரம் ஒருமுறை துடைத்து வைத்திருந்தார். பேசி முடித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, அந்த மனிதரிடமே கேட்டார்.

"அண்ணே... உங்க லாட்ஜுல மேனேஜர் வேலைக்கு ஆள் வேணும்னீங்களே, கிடைச்சிட்டாகளா?"

அந்தக் கேள்விக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். முதலாளியாக நடந்த தெருவிலேயே சம்பளத்துக்கு உட்காருவது சும்மா இல்லை.

ஏ.சி. விற்ற பணத்தில் வட்டி கட்டினோம். வளையல்கள் ஏலத்திலிருந்து தப்பின. இன்னும் பேங்கில்தான் இருக்கின்றன, ஆனால் என் வளையல்களாக இருக்கின்றன. அவர் இப்போது காலை ஏழு மணிக்கு அந்த லாட்ஜுக்கு வேலைக்குப் போகிறார். தபால் வந்தால் இரண்டு பேரும் இருக்கும்போதுதான் பிரிக்கிறோம்.

செயினை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. கோட்டுக்காரர் மேல் எரிகிறது. இவர் மேல் எரிகிறது. கடைசியில் என்மேலும் எரிகிறது. ஏன்? அந்த நகைகள் என்ன ஆயின என்று நான் ஒருநாளாவது கேட்டேனா? பாத்ரூம் கதவில் காதை வைக்கத் தெரிந்தது. சட்டைப்பையைத் துழாவத் தெரிந்தது. 'வட்டி கட்டினீங்களா?' என்ற இரண்டு வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை. பதில் எப்படி இருக்கும் என்று உள்ளுக்குள் ஒரு பயம். கண்ணை மூடிக்கொண்டிருந்தது அவர் மட்டும்தானா? நான் அதற்குக் காசு கட்டிப் பயிற்சி எடுக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

போன வாரம் அந்தப் பயிற்சிக்காரர்களின் ஆபீசிலிருந்து அவருக்கு ஒரு போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பெண் குரல்.

"சார், ரெண்டாம் கட்டப் பயிற்சி ஆரம்பிக்குது. உங்களுக்குப் பாதிக் கட்டணம்தான்."

"இல்லம்மா, வரமுடியாது. வேலை கிடைச்சிருச்சு. வேலைக்குப் போறேன்."

"பார்த்தீங்களா சார்!" என்று துள்ளியது அந்தக் குரல். "பிரபஞ்சம் குடுத்துருச்சு!"

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "டீச்சர், இதுக்கு என்ன பதில் சொல்ல?"

இருபது வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். யோசித்துப் பார்த்தேன்.

"கட் பண்ணுங்க" என்றேன்.