நாலாவது தடம்

எங்கள் அண்ணை மிருதங்கம் வாசிப்பான். கெட்டிக்காரன்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் தான் வாசித்ததைத் தானே திரும்பக் கேட்டு மயங்குகிற சீவன் அவன். அந்த ஆசைக்குத் தீனி போட்டது ஜேர்மனியிலிருந்த சித்தப்பா அனுப்பிய ஒரு பெட்டி. பார்வைக்குச் சாதாரண கசெற் றெக்கோடர் மாதிரித்தான். அகலம் மட்டும் கூட, மேலே வரிசையாகக் குமிழ்கள். நாலு மைக்கை ஒரே நேரத்தில் அதில் செருகலாம். ஒவ்வொரு மைக்கும் ரேப்பில் தனக்கென்று ஒரு தடத்தில் பதியும். பிறகு ஆறுதலாக இருந்து, வயலினைக் கூட்டு, ஹார்மோனியத்தைக் குறை என்று தனித்தனியே திருகலாம். வேண்டாத தடத்தை மட்டும் அழித்து, அந்த இடத்தில் வேறொன்றை ஏற்றலாம். இந்தக் கடைசி வசதியை அண்ணை விளங்கப்படுத்தியபோது நானும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டு நின்றேன். விசரி, சுத்த மடைச்சி.

பெட்டி வந்த கொஞ்சக் காலத்தில் சண்டையால் ஊரில் மின்சாரம் போய்விட்டது. போனது போனதுதான். ஐயாவின் உழவு இயந்திரம் டீசல் இல்லாமல் பலா மரத்தடியில் சும்மா நின்றது. அண்ணை அதன் பற்றறியைக் கழற்றி, சைக்கிள் கரியரில் கட்டி, அச்சுவேலியில் ஜெனறேற்றர் வைத்திருந்த கடையில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்தான்.

"பற்றறி கனநேரம் நிக்காது. ஒவ்வொருத்தரா இருந்து பதியேலாது. நாலு பேரும் ஒரேயடியாத்தான்" என்றான்.

அந்த நாலு பேர்: மிருதங்கத்துக்கு அவன், ஹார்மோனியத்துக்கு அவனுடைய சிநேகிதன், வயலினுக்குப் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்த மாஸ்டர் ஒருவர், பாட்டுக்கு நான். பாட்டுகள் எங்கள் ஊர்ப் பிள்ளையார் மேல் நான் கட்டியவை. மெட்டும் என்னுடையதுதான். சோதனை எடுத்தும் கம்பஸில் படிக்க இடம் கிடைக்காமல், தோட்டத்தில் வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்தவளுக்கு வேறு என்ன இருந்தது? அந்தப் பாட்டுகள் என் குரலில் கசெற்றாக வரவேண்டும், தேர்த் திருவிழாவன்று கோயில் ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்கவேண்டும். அதுதான் என் ஆசை. வேறு ஆசை இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

வீட்டுக்குள் பாடினால் சுவர் எதிரொலிக்கிறது என்று, வெங்காயக் கொட்டிலைத் தேர்ந்தெடுத்தான் அண்ணை. மேலே பிடிபிடியாகக் கட்டித் தொங்கவிட்ட வெங்காயம், சுற்றிவர அவன் கட்டிய சாக்குகள். உள்ளே சத்தம் பஞ்சில் விழுந்தது போல அடங்கியது. பக்கத்துத் தோட்டக்காரர் மண்ணெண்ணெய் மோட்டர் போட்டு இறைத்துக்கொண்டிருந்தார். அண்ணை போய்த் தயங்கித் தயங்கிக் கேட்க, மனுசன் உடனேயே நிற்பாட்டினார்.

"பிள்ளையார் பாட்டெல்லே தம்பி. பயிர் ஒரு நேரம் பொறுக்கும். பிள்ளையை வடிவாப் பாடச்சொல்லு" என்றாராம்.

நான் கொட்டிலின் மூலையில் தள்ளித்தான் இருந்தேன். அண்ணைதான் என்னைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில், முழங்கால் முட்ட இருத்தினான்.

"என்ரை கையைப் பாத்துப் பாடு. விட்டா நீ தாளத்தை விட்டிட்டு ஓடுவாய்."

"நான் ஓடமாட்டன்."

"ஓடுவாய். எனக்குத் தெரியும். இஞ்சை இரு."

இருந்தேன். என் வாய்க்கு முன்னால் ஒரு மைக், அதற்கு ஒரு சாண் தள்ளி மிருதங்கத்தின் மைக். மூன்றாவது பாட்டுக்கு நடுவில் பொம்மர் வந்தது. எல்லோரும் வளவில் வெட்டியிருந்த பங்கருக்குள் ஓடினோம். குண்டு எங்கேயோ மயிலிட்டிப் பக்கம் விழுந்தது. பங்கருக்குள் இருந்து மற்றவர்கள் பிள்ளையாரைக் கூப்பிட, நான் பெட்டியை நிற்பாட்டினோமோ, பற்றறி இறங்குமோ என்று தவித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து அந்தப் பாட்டை முதலிலிருந்து பாடினோம். அதன் சரணத்தில் குரல் மேலே போய் நின்று திரும்புகிற ஓர் இடம் இருந்தது. அதைப் பாடி முடித்ததும் வயலின் மாஸ்டர் வில்லை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்த மனுசன் இலேசில் தலையாட்டுகிற ஆளில்லை.

பிறகு அண்ணை ஹெட்போனை என் காதில் போட்டு, மற்ற மூன்றையும் குறைத்துவிட்டு, நாலாவது தடத்தை மட்டும் கேட்கவிட்டான். நான் தனியே பாடிக்கொண்டிருந்தேன். இது என் குரலா என்று நம்பவே முடியவில்லை. கண்ணீர் வந்துவிட்டது. வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்த கிழமை மாமி வந்தா. ஐயாவின் தங்கச்சி. கனடாவில் இருக்கிற ஒரு பெடியனுக்கு என்னைக் கேட்கிறார்கள் என்று சம்பந்தம் கொண்டு வந்திருந்தா. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மகளின் பெருமையைக் காட்டவேண்டுமே! அண்ணையும் வீட்டில் இல்லை. அம்மா அவனுடைய மேசையிலிருந்த கசெற்றை எடுத்துக்கொண்டு வந்து வீட்டு றேடியோவில் போட்டுவிட்டா.

"மச்சாள், எங்கடை பிள்ளை பாடினதைக் கேளுங்கோ."

அந்தக் கசெற்றை றேடியோவில் போடக்கூடாது என்று அண்ணை சொல்லியிருந்தான். ஏன் என்று சொல்லவில்லை. எனக்கும் மாமி கேட்கட்டும் என்றுதான் இருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோ வயரை றேடியோவில் கொளுவி, பெடலைக் கையால் சுற்றினது நானேதான்.

மிருதங்கமும் ஹார்மோனியமும் கேட்டன. என் குரல் எங்கேயோ தூரத்தில், அடுத்த வளவில் நின்று பாடுவது போல மெல்லியதாக வந்தது.

"பிள்ளையின்ரை குரல் ஒழுங்காக் கேக்கேல்லையே" என்றா மாமி.

"மற்றப் பக்கத்திலை இருக்கும்" என்று அம்மா கசெற்றைப் பிரட்டிப் போட்டா.

எங்கள் பெட்டி நாலு தடத்தையும் ஒரே திசையில் ஓடவிட்டுப் பதியும். வீட்டு றேடியோவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஒரு பக்கம் போட்டால் முதல் இரண்டு தடம் மட்டும் கேட்கும். பிரட்டிப் போட்டால் மற்ற இரண்டும் வாலிலிருந்து தலைக்கு ஓடும். வயலினும் நானும் அந்த இரண்டில்தான் இருந்தோம். பிள்ளையார் பேர் சொல்லி நான் பாடினதெல்லாம் முன்பின்னாகத் திரும்பி, மூச்சை உள்ளே இழுத்து இழுத்து யாரோ ஊளையிடுவது போல வந்தது. பயத்தில் நான் பெடலை வேகமாகச் சுற்ற, அது இன்னும் பலமாக ஊளையிட்டது.

மாமி கதிரையை விட்டு எழும்பிவிட்டா.

"ஐயோ, நிப்பாட்டு, நிப்பாட்டு! என்னடி இது, பேய் பிடிச்ச குரல்!"

"இல்லை மாமி, கசெற் பிரட்டிப் போட்டதாலை..."

"கலியாணம் பேச வந்த வீட்டிலை கேக்கிற சத்தமே இது? எல்லாம் கிடக்க, உந்தக் கசெற்றை என்ன செய்யப் போறியள்?"

திருவிழாவில் விற்கப்போகிறோம் என்று அம்மா உண்மையைச் சொன்னா. மாமியின் முகம் இன்னும் கறுத்தது.

"அப்ப நாளைக்கு மினிவானுக்குள்ளையும் தேத்தண்ணிக் கடையிலையும் இவளின்ரை குரல் ஓடும். கண்டவன் நிண்டவன் எல்லாம் கேப்பான். மாப்பிளை பகுதி கேட்டா நான் என்ன மறுமொழி சொல்லுறது? யோசிச்சுச் செய்யுங்கோ மச்சாள்."

தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டா. அம்மா அன்று முழுக்க அழுதா. ஐயா வழக்கம் போல மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். அண்ணை வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கொட்டில் பக்கம் போனான். எனக்காக ஒரு வார்த்தை கதைப்பான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் நான் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது கொட்டிலுக்குள் என் பாட்டுக் கேட்டது. பாட்டு என்னுடையது, குரல் என்னுடையதில்லை. கையில் மண்ணோடு ஓடினேன். அண்ணையின் சிநேகிதன், அந்த ஹார்மோனியக்காரன், காதில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, மூக்கால், கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தான். பெட்டியின் முன்னால் அண்ணை. நாலாவது தடத்துக்கு மேலே அந்தச் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. அது எரிந்தால் பழையது அழிந்துகொண்டு புதியது பதிகிறது என்று அர்த்தம்.

"அண்ணை! என்ன செய்யிறாய்?"

"சத்தம் போடாதை. பதியுது."

"என்ரை குரலை அழிச்சுப் போட்டியோ?"

"உன்ரை நன்மைக்குத்தான். கலியாணம் குழம்பினா ஆர் பொறுப்பு? பாட்டு உன்ரைதானே, அது அப்பிடியே இருக்கும். குரல் ஆற்றையா இருந்தா என்ன?"

"என்ன" என்றான் பாருங்கள்! இவ்வளவு காலம் கழித்தும் அந்த ஒரு சொல்லை நினைத்தால் எனக்குப் பற்றி எரிகிறது. மிருதங்கத்தைத் தூக்கிக் கிணற்றுக்குள் போட்டுவிட்டு, "குரல் ஆற்றையா இருந்தா என்ன" என்று நான் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. எல்லோரையும் திரும்பவும் கூட்டிப் பதியவும் வழியில்லை. வயலின் மாஸ்டர் அதற்குள் கிளாலிக் கடலைத் தாண்டிக் கொழும்புக்குப் போய்விட்டார்.

ஆனால் பிள்ளையார் என்னை அவ்வளவு இலேசாக அழிய விடவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டுப் பார்த்த அண்ணையின் முகம் மாறியது. ஹெட்போனை நான் பறித்துக் கேட்டேன். சிநேகிதனின் மூக்குக் குரலுக்குப் பின்னால், மெல்லியதாக, நான் பாடிக்கொண்டிருந்தேன். என் தடத்தை அழித்தானே தவிர, மிருதங்கத்தின் மைக் பக்கத்தில் இருந்த என் வாயையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. என்னை இழுத்து முழங்கால் முட்ட இருத்தினது ஆர்?

அண்ணை ஒவ்வொரு குமிழாகத் திருகினான். மிருதங்கத்தைக் குறைத்தான், நான் குறைந்தேன், பாட்டு நொண்டியது. கூட்டினான், நானும் கூடினேன்.

"மிருதங்கத்தை அழிச்சாத்தான் இவள் போவாள்" என்றான் சிநேகிதன்.

"அப்ப அழியன்" என்றேன் நான்.

அண்ணை அழிக்கவில்லை. அன்றைக்கு வாசித்த மாதிரித் திரும்ப வராதாம். தன்னுடைய வாசிப்பை அவன் எப்படி அழிப்பான்? என் குரலை அழிக்க ஒரு நொடி போதும். தன்னுடையதைத் தொட மனம் வராது. மிருதங்கத்தைக் கொஞ்சம் குறைத்து, சிநேகிதனைக் கூட்டி, அப்படியே கசெற்றுகளில் ஏற்றினான்.

இனி இந்த வீட்டில் பாடமாட்டேன் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். ஒருவராவது வந்து, "பாடு பிள்ளை" என்று கெஞ்சுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் வரவில்லை. எல்லோருக்கும் நிம்மதிதான். நான் பாடாமல் இருப்பதை அவர்கள் கவனித்தார்களோ என்பதே சந்தேகம். நானும் பிடிவாதக்காரி. கோயிலில் தேவாரத்துக்குக்கூட வாயைத் திறக்கவில்லை. அந்தச் சம்பந்தமும் பிறகு சாதகம் பொருந்தவில்லை என்று தட்டிப்போய்விட்டது. மாமி வந்து, "எல்லாம் நன்மைக்குத்தான்" என்று சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனா. கசெற் நன்றாக ஓடியது.

இரண்டு மூன்று வருடங்கள் கழிந்திருக்கும். யாழ்ப்பாணம் போவதற்கு மினிவானில் ஏறினேன். மண்ணெண்ணெய்ப் புகையும் சனமுமாக நெரிந்துகொண்டிருந்தது. றைவர் ஒரு கசெற்றைத் தட்டிவிட்டார். என் முதல் பாட்டு. இறங்கிவிடலாம் என்று நினைத்தேன், இறங்கவில்லை. மூன்றாவது பாட்டு வந்தபோது, பக்கத்தில் கத்தரிக்காய்க் கடகத்தை மடியில் வைத்திருந்த ஒரு மனுசி காதைச் சரித்தா.

"தம்பி, உந்தப் பாட்டுக்குப் பின்னாலை ஒரு பொம்பிளைப்பிள்ளை பாடுது. அந்தக் குரலைக் கொஞ்சம் கூட்டிவிடும்."

"அதை மட்டும் கூட்டேலாது அம்மா" என்றார் றைவர். "அது மிசினிலை வந்த பிழையாம். பதிஞ்ச அண்ணையே எனக்குச் சொன்னவர்."

பிழையாம்! சொன்னவர்!

"அது பிழையில்லை" என்றேன். "அது நான். பாட்டும் என்ரைதான்."

வான் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மிதிபலகையில் தொங்கிக்கொண்டிருந்த கொண்டக்டர் சிரித்தார்.

"அப்பிடியெண்டா சேந்து பாடுங்கோவன் அக்கா, கேப்பம்."

அந்தச் சரணம் வந்துகொண்டிருந்தது. குரல் மேலே போய் நிற்கிற இடம். பாடத்தான் வேண்டும் என்று நெஞ்சு முட்டியது. வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. இன்னொரு தடவை முயன்றேன். தொண்டை கரகரத்து இருமலாக முடிந்தது. இத்தனை வருடம் பூட்டி வைத்திருந்தது, கேட்டவுடன் திறக்குமா? யாரோ பின்னால் சிரித்தார்கள். கசெற்றுக்குள்ளே அவள் இடறாமல் மேலே போய், நின்று, திரும்பினாள்.

கடகத்து மனுசி சிரிக்கவில்லை. என் முழங்காலில் மெல்லத் தட்டினா.

"பறவாயில்லை பிள்ளை. எல்லாருக்கும் பாட வராது" என்றா. பிறகு விரலை வாயில் வைத்து, "சத்தம் போடாதேங்கோ, அந்தப் பிள்ளை பாடுறதைக் கேப்பம்" என்று வானுக்குள் இருந்தவர்களை அடக்கினா.