கல்வட்டத்தைச் சீராக்கிய ஞாயிறு

ஒரகடத்துக்குப் பின்னால் ஒரு மேட்டில், இரும்புக்காலத்து மனிதர்கள் இறந்தவர்களைப் புதைத்துச் சுற்றிலும் கல் பதித்த கல்வட்டம் ஒன்று இருக்கிறது. கிடங்கு கட்டுவதற்காகப் பக்கத்து நிலம்வரை மண்ணை நிரவியாகிவிட்டது. வட்டம் கலையாமல் இருந்தால் வேலி போட எழுதுவேன், கலைந்திருந்தால் என்னால் ஒன்றும் ஆகாது என்று தொல்லியல் அதிகாரி போனிலேயே சொல்லிவிட்டார்.

அவர் வருகிற ஞாயிறன்று முட்செடிகளை வெட்ட, வார விடுமுறையில் இருந்த தொழிற்சாலைப் பிள்ளைகளைத் திரட்டினேன். சுங்குவார்சத்திரத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் தென்மாவட்டத்துக்காரர்கள். அவர்களை மேய்க்க உள்ளூர்ப் பெண் ஒருவர், ஆலையில் சூப்பர்வைசர். இந்த மாதிரிப் பெருங்கற்காலச் சின்னங்களைப் பற்றி நான் படித்ததையெல்லாம் அவர்கள் தலையில் கொட்டினேன். கல்லைத் தொடாதீர்கள் என்பது மட்டும் அந்தப் பேருரையில் இடம்பெறவில்லை. பிறகு அதிகாரியை அழைத்துவர சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போனேன்.

திரும்பி வந்தால், வட்டம் காம்பஸ் வைத்து வரைந்ததுபோல இருந்தது. எதுவும் கோணலாகக் கிடக்கக் கூடாது என்று ஆலையில் தினமும் பழகிய கைகள் சும்மா இருக்குமா? நடுவில் குச்சி நட்டு, கயிறு கட்டி, விலகிக் கிடந்த கற்களை உருட்டிச் சேர்த்திருந்தார்கள்.

“கோணலும் மாணலுமா கெடந்துச்சுண்ணே. இப்ப பாருங்க,” என்றான் ஒருவன், பெருமையாக.

அதிகாரி கையிலிருந்த குறிப்பேட்டை மூடிவிட்டார். வராத வேலியை நான் மனதுக்குள் பிடுங்கிவிட்டேன்.

சூப்பர்வைசர்தான் போனை நீட்டினார். “இன்னாத்துக்கு சார் மூஞ்சி இப்டி ஆய்ட்ச்சு? வேலைக்கு முன்னாடி ஒரு போட்டோ, முடிச்சப்புறம் ஒரு போட்டோ. அது இல்லாம நாங்க ஒரு ஸ்பேனரக்கூட நவுத்த மாட்டோம்.”

ஒவ்வொரு கல்லுக்கும் படம் இருந்தது, பக்கத்தில் டேப்பை விரித்து அளவு தெரிகிற மாதிரி. அதிகாரி படத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். பெரிய பாறைகள் எவ்வளவு தள்ளியும் அசைந்து கொடுத்திருக்கவில்லை. உருண்டவை மேலாகக் கிடந்த சிறுகற்கள்தான்; அவை இருந்த பள்ளங்கள்கூட மண்ணில் அப்படியே இருந்தன. அவர் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் ஒவ்வொன்றையும் பழைய கோணலுக்கே கொண்டுபோனார்கள். முகத்தில் அவ்வளவு உற்சாகம் இல்லை.

“நடந்ததை அப்படியே எழுதி, படத்தையும் சேர்த்து அனுப்பறேன். வேலிக்குப் பிரச்சினை இல்லை,” என்றார் அதிகாரி. அப்போதுதான் எனக்குப் பசிக்கவே ஆரம்பித்தது.

“ஆனா வேலிக்குள்ள யாரும் வரக் கூடாது.”

என்னையும் சேர்த்தா என்று கேட்டேன்.

“உங்களைத்தான் சார் முதல்ல.”