நைனாவுக்கு எத்தனை பிள்ளைகள்?

1. செஞ்சியில் வேலை கிடைத்ததும், படி ஏற முடியாத அம்மாவுக்காகத் தரைத்தளத்தில் வாடகை வீடு தேடினேன்.

2. வீட்டைக் காட்டியவரிடம் மின்கட்டண அட்டையைக் கேட்டேன். வேறு பெயர் இருந்தது. "எங்க நைனா பேரும்மா. அவரு போய்ட்டாரு, இன்னும் மாத்தல" என்றார். அப்பா பெயர்தானே என்று நம்பினேன்.

3. பால் காய்ச்சிக் குடியேறினோம்.

அடுத்த வாரமே, வீட்டை வாடகைக்கு விட்டவரின் அண்ணன் வந்தார். "யாரக் கேட்டு குடிவந்தீங்க? இன்னும் பாகமே பிரிக்கல, கேஸ் நடக்குது" என்றார். தம்பி போனை எடுக்கவில்லை. நாங்கள் மருத்துவமனைக்குப் போயிருந்தபோது அண்ணன் வீட்டைப் பூட்டிவிட்டார்.

இப்போது வீடு பார்க்கப் போனால், உரிமையாளருக்கு உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கும் சம்மதமா என்று கேட்கிறேன். "வாடகைக்கு வந்தியா, சம்பந்தம் பேச வந்தியாம்மா?" என்று சிரித்து அனுப்பிவிடுகிறார்கள்.

அம்மா சித்தி வீட்டில் இருக்கிறார். நான் விடுதியில் இருக்கிறேன். எங்கள் சாமான்கள் அந்தப் பூட்டிய வீட்டுக்குள் இருக்கின்றன.