வாய்க்காலில் கிடந்த எங்கள் வீட்டுப் பை

இரண்டு வருடம் முன்பு, பாலக்காடு பக்கம் எருத்தேன்பதியில் நடந்தது. எங்கள் தோட்டம் வாய்க்காலின் கடைமடை. திங்கள்கிழமை அணைத் தண்ணீர் திறக்கிறார்கள் என்று தகவல் வந்தது. ஆனால் ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற குழாய் முழுக்கக் குப்பை. போன முறை அதைத் தாண்டித் தண்ணீர் வரவே இல்லை. கடலைச்செடி கருகியதைப் பார்த்து அழுதிருக்கிறேன். இந்த முறையும் விட்டால் அவ்வளவுதான்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். குப்பை போடுவது எதிர் வரிசை வீட்டுக்காரர்கள்தான் என்று நானே தீர்ப்பு எழுதி, அங்கிருக்கும் ஓர் அக்காவோடு சண்டையும் போட்டு, மூன்று மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அதனால் ஞாயிறு காலை நான், என் வீட்டுக்காரர், மகள்கள், கொழுந்தனார் குடும்பம் என ஏழு பேர் மட்டும் மண்வெட்டியோடு இறங்கினோம். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

"யாரு போட்டதை யாரு அள்றதுன்னு பாருங்க!" என்று எல்லார் காதிலும் விழும்படி கத்திக்கொண்டேதான் அள்ளினேன்.

குழாய் வாயை அடைத்திருந்த பெரிய சாக்கு மூட்டையை இழுத்துப் போட்டோம். அது கிழிந்து கொட்டியது. தெர்மாகோல் தட்டு, பேப்பர் கப், கூடவே மிச்சமான தாம்பூலப் பைகள். ஒவ்வொரு பையிலும் எங்கள் புதுமனை புகுவிழா, எங்கள் இருவர் பெயர், கொட்டை எழுத்தில்! விசேஷம் முடிந்ததும், "கண்ணுக்குத் தெரியாத எடத்துல கொட்டிருங்க" என்று டெம்போக்காரரிடம் மூட்டைகளை ஏற்றிவிட்டதே நான்தான். அவர் கண்டுபிடித்த இடம் எங்கள் வாய்க்கால்.

மூத்த மகள் சட்டென்று பையை மடித்து மறைக்கப் பார்த்தாள். எனக்கும் ஒரு நிமிடம் அதுதான் தோன்றியது. அந்த அக்கா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆவது ஆகட்டும் என்று பையை வாங்கித் தூக்கிக் காட்டினேன்.

"அக்கா, இது எங்கூட்டுக் குப்பைங்க. தப்பு என்னுதுங்க. உங்களைப் பேசினதுக்கு மன்னிச்சுப்போடுங்க."

அவர் முறைத்தார். அப்புறம் அவராலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏனம்மிணி, பேரு அச்சடிச்சுக் குப்பை போட்டவ இந்த ஊர்ல நீ ஒருத்திதான்!" என்றவர், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார். "தள்ளு, எங்கூட்டுதும் இதுக்குள்ள கெடக்கும்."

அப்புறம் பார்க்க வேண்டுமே! ஒரு வீடு விடாமல் இறங்கிவிட்டார்கள். யாரோ டீ போட்டுக் கொண்டுவந்தார்கள். மதியத்துக்குள் குழாயின் இந்த முனையில் குனிந்தால் அந்த முனை வெளிச்சம் தெரிந்தது.

திங்கள் சாயங்காலம் தண்ணீர் நுரைத்துக்கொண்டு எங்கள் கடைமடைக்கு வந்து சேர்ந்தது. நானும் அந்த அக்காவும் முழங்கால் தண்ணீரில் நின்று சின்னப் பிள்ளைகள் மாதிரி கூச்சல் போட்டோம்.

கோபக்காரிதான், இப்போதும் யாரையாவது குற்றம் சொல்ல வாய் துடிக்கத்தான் செய்கிறது. ஆனால் எத்தனையோ சண்டையில் ஜெயித்த நான் ஒரு தெருவையே ஜெயித்தது, தப்பை ஒத்துக்கொண்ட அந்த ஒரு நாளில்தான்.