அடையாள அட்டையில் இருந்த ஊர்

என் மச்சாள், கணவரின் அக்கா, ஒரு பள்ளி விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்திறங்கினார். மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரையில் நாங்கள் வாடகைக்கு இருந்த காலம் அது. வடக்கில் புலிகளோடு சண்டை நடந்துகொண்டிருந்த தொண்ணூறுகள். வந்த அன்றே, "ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு கட்டிக்கொண்டு எல்லாருமாய் வெளிக்கிடுவம். வெள்ளைக்காரத் துரையின்ர பழைய பங்களா ஒண்டு இருக்கு, இப்ப பாக்க விடுகினமாம்" என்றார். தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

நான் பிறந்தது அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். அம்மா அங்கே கொழுந்து பறித்தவர். சித்தி குடும்பம் இன்னும் அங்கேதான் இருந்தது. கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், கச்சேரி என்ற அரசாங்க ஆபீசில் கிளாக்கர். "அக்காவுக்கு மாத்தளை டவுன் எண்டே சொல்லுவம். தோட்டம் எண்டால் ஒரு மாதிரிக் கதைப்பா" என்று கல்யாணத்துக்கு முன்பே அவர்தான் சொன்னார். நானும் தலையாட்டினேன். ஐந்து வருடமாக மச்சாளுக்கு நான் டவுன்காரி.

எத்தனையோ இடம் இருக்க, ஏன் அந்தத் தோட்டம்? மச்சாளின் ஆபீசில் யாரோ போட்டோ காட்டினார்களாம். நான் நம்பவில்லை. எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார், லயத்து ஆட்கள் முன்னால் என்னை நிறுத்தி வேடிக்கை பார்க்கப் போகிறார் என்றே நினைத்தேன். வஹகோட்டை சர்ச்சுக்குப் போகலாம் என்றேன். ரோட்டு மோசம் என்றேன். வழியெல்லாம் ஆமி செக்கிங் என்றேன். எல்லாவற்றுக்கும் ஒரே சிரிப்புத்தான். "உமக்கு அந்தப் பக்கம் தெரியுமோ?" என்று கேட்டுவிட்டு, அவர் பாட்டுக்குக் கத்தரிக்காய் நறுக்கினார். அந்தக் கேள்வியை நான் இரண்டு நாள் மென்றுகொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை பௌர்ணமிப் போயா லீவு. பங்களா பார்க்க அனுமதி கேட்டுக் கடிதம் எழுத வேண்டும், வருகிற பெரியவர்களின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் அதில் இருக்க வேண்டும். மச்சாள் காலையிலேயே பேனையோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "உம்மட ஐ.சி.யைத் தாரும்" என்று கை நீட்டினார். பிறந்த இடம் என்ற வரியில் தோட்டத்தின் பெயர் பளிச்சென்று இருக்கிறதே! இலக்கத்தை மட்டும் வாயால் சொன்னால் சந்தேகப்படுவார். "காணோம் மச்சாள். ரெண்டு நாளா தேடுறேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் அட்டையைப் பருப்பு டின்னுக்குள் புதைத்தேன்.

எவ்வளவு பெரிய முட்டாள்தனம். அந்தக் காலத்தில் தமிழ் ஆட்கள் நகையைத் தொலைக்கலாம், ஐ.சி.யைத் தொலைக்கக் கூடாது. அது யாருடைய கைக்காவது போய், எங்காவது ஏதாவது வெடித்தால்? கணவரின் முகம் வெளிறிவிட்டது. "நீர் பேசாம இரும். நான் பொலிசில என்ட்ரி போட்டிட்டு வாறன்" என்று அந்த நிமிடமே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். உண்மை வாய் வரைக்கும் வந்தது. மச்சாள் பக்கத்தில் நின்றார். விழுங்கிவிட்டேன்.

பன்னிரண்டு மணியாகியும் அவர் வரவில்லை. இரண்டு மணியாகியும் வரவில்லை. மச்சாள் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார். கணவருடைய ஐ.சி.யில் யாழ்ப்பாணம் என்று இருக்கிறது. என் வெட்கத்தை மறைக்க அந்த மனுசனைக் கொண்டுபோய் அங்கே மாட்டிவிட்டேனே. டின்னைக் கவிழ்த்து, அட்டையைத் துடைத்து எடுத்து, "இருக்கு மச்சாள். நான்தான் ஒளிச்சு வச்சேன்" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுச் செருப்பை மாட்டினார்.

பொலிசில் கணவர் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். மனைவியின் அட்டை எப்படித் தொலைந்தது, யாருக்குக் கொடுத்தாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். நான் அட்டையை நீட்டி, டின்னுக்குள் விழுந்து கிடந்தது என்று சிங்களத்தில் சொன்னேன். சார்ஜன்ட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தோட்டத்தின் பெயரைச் சத்தமாக வாசித்து, லயத்தில் பிறந்தவளா என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அவர் முகம் இளகியது. தோட்டத்து ஆட்கள் என்றால் பிரச்சினை இல்லை, புருசனைக் கூட்டிக்கொண்டு போ என்றார்.

நான் திரும்பி மச்சாளைப் பார்த்தேன். வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. அவ்வளவு சந்தேகமும் நானே சமைத்து நானே தின்றது.

அடுத்து சார்ஜன்ட்டின் கை மச்சாளிடம் நீண்டது. அவருடைய அட்டையிலும் யாழ்ப்பாணம். இளகிய முகம் மறுபடி இறுகியது. யார் இது, இங்கே எதற்கு வந்தது? மச்சாளுக்குச் சிங்களம் வரும், ஆனால் அன்று பயத்தில் தமிழிலேயே பதில் சொல்லத் தொடங்கினார். இவர் என் கணவரின் அக்கா, என் வீட்டில் இருக்கிறார், நான் பொறுப்பு என்று சொன்னேன். அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

வெளியே வந்து நடந்தோம். மச்சாள் என் கையைப் பிடித்திருந்தார். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கேட்டில நீர் முன்னுக்குப் போம். நாங்கள் பின்னால வாறம்" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கேட்டைத் திறக்க மட்டும் நான் வேண்டுமா? "பங்களாவை அப்புறம் பாக்கலாம். மொதல்ல லயத்துக்குப் போவோம். அங்க எங்க சித்தி இருக்காங்க" என்று வெடுக்கென்று சொன்னேன். கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப இன்னும் எத்தினை சாப்பாட்டுப் பார்சல் கட்டவேணும்?" என்று மச்சாள் கேட்டார்.

அதில் குத்தல் இருக்கிறதா என்று அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். பயம்தான் இருந்தது, என் கையையும் அவர் இன்னும் விடவில்லை.

"சித்தி வீட்ல ஒம்பது பேரு" என்றேன்.